மீட்டர் யார் பக்கம்

அக்காவுக்கு அந்த மலைச்சாலை முழுவதும் மனப்பாடம். ஆனால் வழியில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டால் தெரியாது. அவளுக்கு அந்தச் சாலை எண்களாகத்தான் தெரியும். அடிவாரத்துப் பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் மீட்டர் ஊசி எங்கே நிற்கும், இரட்டை வளைவில் எவ்வளவு ஏறும், உச்சியைத் தாண்டி இறங்கும்போது எங்கே வந்து ஓயும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். தூக்கத்தில் எழுப்ப வேண்டுமென்றால் முதலில் அவள் தூங்க வேண்டும். அதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

கார் மாமாவுடையது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்றுகொண்டு அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவைக்கிற வேலை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் முதலில் அவரைத்தான் திட்டுவார்கள். அதனாலோ என்னவோ, மிதித்தால் மறுபேச்சில்லாமல் பாய்கிற ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினார். கம்பெனிக்காரன் வைத்த டர்போ போதாது என்று பெரியதாக ஒன்றை மாட்டினார். சைலன்சரை மாற்றினார். எடை குறையட்டும் என்று பின்சீட்டின் மெத்தையைக் கழற்றிவிட்டு மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்றைப் போட்டார். அந்தப் பஞ்சின் மேல்தான் வாராவாரம் நான் உட்கார்ந்து போவேன். மெத்தையைக் கழற்றி மிச்சப்படுத்திய எடையை மச்சினி ஒருத்தியே ஏறி உட்கார்ந்து சரிக்கட்டிவிடுகிறாள் என்று மெக்கானிக் கடையில் சொல்லிச் சிரித்தாராம். சிரிக்கட்டும். முதுகுவலி எனக்குத்தான்.

டர்போ என்றால் என்ன என்று மாமா எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். எனக்குப் புரிந்த அளவில், வண்டி வெளியே விடும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக் கொண்டு எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிப்பது. திணிக்கத் திணிக்க வேகம். மிஞ்சிப்போனால் உள்ளே சூடேறி எஞ்சின் உருகிவிடும். அதனால்தான் மீட்டர்கள். காற்று எவ்வளவு உள்ளே போகிறது என்று ஒன்று, ஆயிலின் சூட்டுக்கு ஒன்று, புகையின் சூட்டுக்கு ஒன்று. மூன்று வட்டங்களும் முதலில் மாமாவின் பக்கம்தான் இருந்தன. கல்யாணமான புதிதில் ஒருநாள் ஊசியைப் பார்த்துக்கொண்டே போய் முன்னால் நின்ற லாரியில் மோதப் பார்த்தார். அக்கா போட்ட சத்தத்தில்தான் பிழைத்தார்கள். “நீங்க ரோட்டப் பாருங்க, இத நான் பாத்துக்கறேன்” என்று அன்றைக்கு அவளேதான் சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த வாரமே மீட்டர்கள் அவள் பக்கம் வந்துவிட்டன.

அப்போது அவளுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. மாமா “எவ்ளோ?” என்பார். அவள் எண்ணைச் சொல்வாள். புகைச் சூடு ஓர் அளவைத் தாண்டினால் அவர் கேட்காமலே சொல்வாள், அவர் காலை எடுப்பார். அவள் பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஓட்டி முடித்து நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாதாம், சுழன்ற டர்போ ஆற வேண்டுமாம். வீட்டு வாசலில் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். நாங்கள் யாரும் இறங்கக் கூடாது. ஊசி இறங்கியதும் அக்கா “போதும்” என்பாள், மாமா சாவியைத் திருப்புவார். மெக்கானிக் கடையில் அவளுக்கு மீட்டரம்மா என்றே பெயர்.

அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பாவும் அம்மாவும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு மாலை திரும்புவோம். குளிப்பாட்டுவது, துவைப்பது, அம்மாவை ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கவிடுவது, இதற்குத்தான். அந்த ராத்திரி அப்பா பக்கத்தில் விழித்திருப்பவள் அக்கா. நான் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவள். கால் வலி என்று சொல்லிக் கட்டையைச் சாய்த்துவிடுவேன். கால் வலியும் உண்மைதான்.

அக்காவின் வேலையோ குளிர்பதனக் கிடங்கில். கண்ணாடி அறை ஒன்றில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கிடங்கின் ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். எண் ஏறினால் உள்ளே இருக்கிற சரக்கு கெட்டுவிடும், உடனே போன் செய்ய வேண்டும். நாளெல்லாம் சூடு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து, வண்டியில் சூடு ஏறுகிறதா என்று பார்த்து, அப்பாவின் நெற்றியைத் தொட்டுச் சூடு ஏறுகிறதா என்று பார்ப்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, போகப்போக அதுவே அவள் முகமாகிவிட்டது.

வண்டிப் பயணம் ஒன்றில்தான் அவளுக்கு உட்காரக் கிடைக்கும். யாரும் கூப்பிட முடியாது, யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். தூங்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எதிரே மூன்று ஊசிகள். நானாவது பார்க்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். பின்சீட்டிலிருந்து தெரியாது என்றார் மாமா. முன்னால் வருகிறேன் என்றேன். உனக்குப் பழக்கமில்லை என்றாள் அக்கா. இருவரும் ஒன்றாகச் சேர்ந்து என் வாயை அடைத்தால் நான் என்ன செய்ய?

இத்தனைக்கும் அந்த வண்டிக்கு அவ்வளவு காவல் தேவைப்பட்டதே ஒரு சோம்பலால்தான். மெக்கானிக் கடைக்காரரை எல்லாரும் லேப்டாப் என்பார்கள், எப்போதும் கணினியும் கையுமாகத்தான் இருப்பார், ஸ்பேனரைக் கையில் எடுப்பதே அபூர்வம். அவர் மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

“டர்போவ மாத்திட்டீங்க, சைலன்சர மாத்திட்டீங்க. உள்ள இருக்கற கம்ப்யூட்டர் இன்னும் பழைய வண்டின்னு நெனச்சுக்கிட்டுத்தான் பெட்ரோல் ஊத்துது. புதுசா ட்யூன் பண்ணணும்.”

பண்ணலாம் பண்ணலாம் என்று மாமா நாளைக் கடத்தினார். அதுதான் இவள் பார்த்துக்கொள்கிறாளே என்பது அவர் நியாயம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல். அக்கா அவரை நிமிர்த்தி உட்காரவைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை அப்படியே இருந்தாள். ஞாயிறு மாலை திரும்பும்போது மலையேற்றத்தில் மாமா மிதித்தார். எஞ்சினுக்குள்ளிருந்து தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அந்த வண்டியில் எது புதுச் சத்தம், எது பழைய சத்தம் என்று எனக்குத் தெரியாது. அக்கா பேசவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மாமா இன்னும் மிதித்தார். நான் எட்டிப் பார்த்தேன். அவள் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வண்டி திணறி, புகை கக்கி, ஓரத்தில் போய் நின்றது. மாமா குனிந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு, அப்போதுதான் கண்ணைத் திறந்த அக்காவைப் பார்த்தார்.

“சொல்லியிருக்கலாம்ல?”

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அக்கா திருதிருவென்று விழித்து, “கண்ணசந்துட்டேங்க, தப்புதான்” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்கியதற்கு மன்னிப்புக் கேட்கிற மனுஷியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அன்று காலை அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்தவர் இதே மாமாதான். எங்கள் வீட்டில் வேறு யாராலும் அது முடியாது. அவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை என்பதுதான் என் எரிச்சலுக்கு மேல் எரிச்சல்.

எஞ்சின் தப்பித்தது. பிளக் ஒன்று கருகியதோடு போயிற்று. லேப்டாப் தன் கடையில் வண்டிக்கும் கணினிக்கும் ஒயரைச் செருகிவிட்டுப் பேசினார். இப்படியே ஓட்டினால் அடுத்த தடவை பிஸ்டன் உருகும், அதில் சந்தேகமே இல்லை என்றார். புதுசாக ட்யூன் பண்ணியே ஆக வேண்டும். அதை இரண்டு விதமாகப் பண்ணலாம். காற்றைக் குறைத்து வைத்தால் வண்டி சாதுவாகிவிடும், மீட்டரை எப்போதாவது பார்த்தால் போதும். இருக்கிற டர்போவின் முழுப் பலத்துக்கும் பண்ணினால் பாய்ச்சல் பிரமாதமாக இருக்கும், ஆனால் மிதிக்கிற நேரமெல்லாம் ஊசிமேல் ஒருவர் கண் இருக்க வேண்டும்.

“முழுசாவே பண்ணிடுங்க” என்றார் மாமா. “பாக்கறதுக்குத்தான் இவ இருக்காளே.”

லேப்டாப் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடையில் உட்கார இருந்தது ஒரு பழைய டயர்தான், அதன் மேல் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் சரி என்பாள் என்று நினைத்தேன். அவள் வேறு என்ன சொல்லி நான் கேட்டிருக்கிறேன்?

“அண்ணே, அவர் கேக்கற அளவுக்கே வெச்சுக் குடுங்க” என்றாள். “மீட்டர மட்டும் கழட்டி அவர் பக்கம் மாட்டிடுங்க.”

மாமா சிரிக்கப் பார்த்தார். “நான் ரோட்டப் பாப்பேனா, மீட்டரப் பாப்பேனா?”

“வேகமா மிதிச்சா ரெண்டையும் பாக்க முடியாதுதான். மெதுவா மிதிச்சா எப்பவாச்சும் ஒரு தடவ பாத்தா போதும்.” பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “நான் உங்கள எதுவும் சொல்லல. எனக்குத் தூக்கம் வருதுங்க. வண்டியில ஏறுனா தூங்கணும் போல இருக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

மாமா கோபப்பட்டுப் பதில் சொல்லியிருந்தால் நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியிருப்பேன். அவரோ வெளியே போனார். வண்டியைச் சுற்றி வந்தார். முன்கதவைத் திறந்து அக்காவின் சீட்டில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து மீட்டர்களைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் இறங்கவில்லை. லேப்டாப் எங்களுக்கு டீ வரவழைத்தார். குடித்து முடித்தோம். அதற்கப்புறம்தான் மாமா உள்ளே வந்தார்.

“கம்மியாவே வெச்சிடுங்க” என்றார் லேப்டாப்பிடம். “மீட்டர் என் பக்கம்.”

அந்த வாரம் முழுக்க மாமா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்த மனுஷன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்வார். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாமல் இருக்க அவளுக்குத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று நான் வியந்தேன். தெம்பில்லாததால்தான் என்று பிறகு தோன்றியது.

சனிக்கிழமை கிளம்பினோம். அக்காவின் பக்கம் மீட்டர் இருந்த இடத்தில் மூன்று ஓட்டைகள், அவற்றின் மேல் கருப்பு டேப் ஒட்டியிருந்தது. வண்டி மற்ற வண்டிகளைப் போலவே போனது. அடிவாரத்துப் பங்க் கடந்தது. ஏற்றம் தொடங்கியது. அக்கா தலையைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இரட்டை வளைவில் ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு போனது. முன்பென்றால் மாமாவுக்கு அது மானப் பிரச்சினை. பழக்கதோஷத்தில் காலை அழுத்தினார்.

“எவ்ளோ?”

“தெரியல” என்றாள் அக்கா.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அப்பாவின் மாத்திரை எங்கே என்று அம்மா கேட்டாலும், பதினாலாம் அறையில் என்ன சூடு என்று கிடங்கில் கேட்டாலும், என் செருப்பு எங்கே என்று நான் கேட்டாலும் அவளிடம் பதில் இருக்கும். மாமா ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பக்கத்து ஊசியைப் பார்த்துவிட்டுக் காலைத் தளர்த்தினார். லாரி போய் மறைந்தது. உச்சிக்கு வருவதற்குள் அக்கா தூங்கிவிட்டாள்.

அப்பா வீட்டு வாசலில் வண்டி நின்றது. அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அக்கா அசையவில்லை. நான் கதவின் பிடியில் கையை வைத்தேன்.

“இரு” என்றார் மாமா மெதுவாக. “டர்போ ஆறட்டும்.”

மெதுவாக ஓட்டிவந்த வண்டியில் ஆற என்ன இருக்கிறது? நான் எட்டி அவர் பக்கத்து மீட்டரைப் பார்த்தேன். ஊசி எப்போதோ இறங்கியிருந்தது. அம்மாவை உள்ளே போகச் சொல்லி மாமா கையைக் காட்டினார். சாவியைத் தொடவில்லை. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது, போதும் என்று சொல்கிறவள் இன்னும் விழிக்கவில்லை.