றஸீனா காணாத மோல்டா

ஓட்டமாவடியிலிருந்து மஜ்மா நகருக்குத் திரும்பும் வழியில் றஸீனாவின் தேநீர்க் கடை இருக்கிறது. கடை என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல்தான். நாலு கம்பு, தகரக் கூரை, உட்கார ஒரு வாங்கு, ரொட்டி சுடும் கல், அவ்வளவுதான். ஆனால் வெளியூர்க்காரர் யார் வந்தாலும் அங்கேதான் இறங்குவார்கள். கொரோனாக் காலத்தில் இலங்கையின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கொண்டுவந்து அடக்கிய இடம் மஜ்மா நகர். இன்றைக்கும் காலியிலிருந்தும் கண்டியிலிருந்தும் பிள்ளைகள் தாய் தகப்பனின் கபுறைத் தேடி வருகிறார்கள். கை கால் கழுவி ஒழுச் செய்யத் தண்ணீர் எங்கே, கபுறில் போட்டிருக்கும் இலக்கத்தை வைத்து வரிசையை எப்படிப் பிடிப்பது, காட்டிலிருந்து யானை இறங்க முன் எப்போது திரும்புவது என்று பிளேன்டி ஊற்றிக்கொண்டே றஸீனா சொல்லிவிடுவாள். அழுவதற்கு முன்னால் மனிதருக்கு வழி தெரிய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்னோர் இடத்துக்கும் அவள் வழி சொல்வாள். அது மத்தியதரைக் கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவான மோல்டா. அங்கே அவள் கால் வைத்ததே இல்லை. இருந்தும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் பயணத்துக்கு முந்தி அவளிடம் வந்து குந்துவார்கள்.

"பஸ்ஸுக்குக் கை காட்டணும் மகன், காட்டாட்டி நிக்காமப் போயிரும். குழாய்த் தண்ணி கரிக்கும், போத்தல் வாங்கிக் குடிங்க. ஞாயித்துக்கிழம கனக்கக் கட பூட்டு. பிளக் நம்மட மூண்டு கம்பிப் பிளக்தான், புதுசா ஒண்டும் தேவல்ல. மாரியில வெளியாலய விட ஊட்டுக்குள்ளதான் குளிர். தடிப்பான போர்வ ஒண்டு கொண்டு போங்க."

இதெல்லாம் அவளுடைய ஒரே மகன் றிஸான் சொல்லிக் கொடுத்தது. அவன் சிறுவனாக இருந்த காலமெல்லாம் றஸீனா குவைத்தில் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஊரோடு வந்து சேர்ந்தபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. கொஞ்ச நாளில் அவன் மோல்டாவுக்குப் போனான். அங்கே மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் சேர்த்துத் தாயும் மகனும் போனில்தான் பேசித் தீர்த்தார்கள்.

அவளை ஒரு தடவை அங்கே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அதற்காகத்தான் இத்தனை பாடமும். "பாணுக்கு இஞ்சயும் ஹொப்ஸ் எண்டுதான் சொல்ற உம்மா. உங்கட குவைத் அறபியோட நீங்க தனியப் போய்ச் சாமான் வாங்கிருவீங்க" என்று சிரிப்பான். கோடை முடிந்து முதல் மழை விழுந்தால் ரோட்டெல்லாம் சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும் என்றும் ஒருநாள் சொன்னான். "நான் பாத்துத்தான் ஓடுற" என்று சேர்த்துச் சொன்னான். அப்படியான ஒரு முதல் மழையில்தான் அவன் வழுக்கி விழுந்து மவுத்தானான்.

அவனோடு அறையில் கூட இருந்த பாஹிம்தான் போன் எடுத்துச் செய்தி சொன்னான். மையித்தைக் காக்க வைப்பது நல்லதல்ல, அங்கேயே அடக்குங்கள் என்று றஸீனா சொல்லிவிட்டாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் புத்தி தடுமாறவில்லை. மறுபடியும் பாஹிம் எடுத்து, "மாமி, கபுறுல பேர் எழுதிக் கல்லு வெக்கிறதா?" என்று கேட்டான்.

"வேணாம் மகன். மார்க்கத்துல இல்லாத வேல நமக்கு எதுக்கு? தலமாட்டுல சும்மா ஒரு கல்ல நட்டாப் போதும்."

அவளுடைய ஊரில் எல்லாக் கபுறும் அப்படித்தான். புருஷன் முத்தலிபின் கபுறிலும் பெயர் இல்லை. வேம்படியில் மூன்றாவது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் காட்டிவிடும். பெயரை ஊரே மனத்தில் வைத்திருக்கிற இடத்தில் கல்லில் எதற்குப் பெயர்? மோல்டாவில் அப்படி மனத்தில் வைத்திருக்க ஓர் ஊர் இல்லை என்பது பாவம் அவளுக்கு அந்த நேரம் ஓடவில்லை.

அதற்குப் பிறகு மோல்டாவுக்குப் போன ஒவ்வொரு பிள்ளையிடமும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகனுடைய கபுறடிக்கு ஒருதரம் போய், ஸலாம் சொல்லி, போனில் காட்ட வேண்டும். எல்லாரும் "ஓம் மாமி" என்று தலையாட்டினார்கள். வழி கேட்டுப் போனவர்களுக்கு வழி சொன்னவளின் ஞாபகம் எங்கே இருக்கப்போகிறது? ஒருவரும் போகவில்லை. பாஹிமும் வேறு நாட்டுக்குப் போய்விட்டான். அவனுடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை.

சப்னா மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஏறாவூர்ப் பெண். மஜ்மா நகரில் தன் வாப்பாவின் கபுறைத் தேடி வந்த அன்று றஸீனாதான் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனவள். இப்போது மோல்டாவில் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. போய்ச் சேர்ந்து முதல் லீவு கிடைத்ததும் பஸ் மாறிப் பள்ளிவாசலுக்குப் போய், அங்கே அடக்கம் செய்யும் மையவாடியிலிருந்து வீடியோ கோல் எடுத்தாள்.

றஸீனா ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். காய்ந்த புல்லும் வெள்ளை மதிலும் தெரிந்தன. பெயர் எழுதிய கபுறுகளைத் தாண்டிச் சப்னா ஒரு மூலைக்குப் போனாள். அங்கே தலைமாட்டில் வெறுங்கல் நட்ட கபுறுகள் நெருக்கமாகக் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி.

"மாமி, பள்ளியில உள்ளவங்க இந்தப் பக்கம்தான் எண்டு சொல்றாங்க. எது எண்டு அவங்களுக்கும் வெளங்கல்லயாம்."

றஸீனா போனைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா என்று ஒரு கல்லைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"நான்தான் மகள், பேர் எழுத வேணாம் எண்ட. என்ட வாயாலதான் சொன்ன" என்றாள். மார்க்கப்படி அவள் சொன்னதில் பிழையில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அழுதாள்.

அந்தப் பக்கம் சப்னாவும் அழுதாள். பிறகு கேட்டாள். "மாமி, நான் இப்ப எந்தக் கபுறுக்குப் பக்கத்துல நிக்க?"

கல்லில் ரொட்டி கருகிப் புகைந்தது.

"ஏதாச்சும் ஒண்டுக்குப் பக்கத்துல நில்லுங்க மகள். அதுவும் ஒரு உம்மா பெத்த புள்ளதானே."

சப்னா நின்றாள். றஸீனா போனை வாங்கில் சாய்த்து வைத்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, யாருடைய மகனோ தெரியாத அவனுக்காக இறைவனிடம் கையேந்தினாள்.