ஏழாகிப் போன ஒன்று

நீதிமன்றத்தின் பின்பக்க அறையில் அவரை எல்லோரும் 'புள்ளி' என்றுதான் சொல்வார்கள். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால்கூடக் காகிதத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களின் வழக்குக் கட்டுகள் பத்தொன்பது வருஷமாக அவர் பொறுப்பு. போலீஸ் அறிக்கை, ஊதிப் பார்த்த கருவி அச்சடித்த சீட்டு, தீர்ப்பு நகல் எல்லாவற்றையும் நூல் கோத்துக் கட்டுவார். குற்றம் உறுதியானால் பத்து நாளைக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவார். அது போய்ச் சேர்ந்தால்தான் அங்கே லைசென்ஸை முடக்குவார்கள்.

"ஜட்ஜ் ஐயா தீர்ப்பு சொல்றாரு, சரி. அந்தத் தீர்ப்புக்குக் கால் முளைக்கணும்னா நான் எழுதணும்" என்பார்.

கொஞ்ச நாளாக அவருக்குக் கண் மட்டும் மக்கர் பண்ணியது. உப்பென்று நினைத்து சோப்புத்தூளைக் கொதிக்கிற பானையில் போட்ட அன்று, "ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டா என்ன குறைஞ்சுடும்?" என்று மனைவி கேட்டாள். டப்பாவில் லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று பதில் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலுக்கு வெளியே ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கழுத்துப் பொத்தான்வரை போட்ட ஒல்லி மனிதர். பின்னால் கைப்பையை அணைத்துக்கொண்டு அவர் மனைவி.

"சார், நான் குடிச்சிட்டு வண்டி ஓட்டினேனாம். லைசென்ஸை முடக்கிட்டாங்க. நான் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லை சார்."

புள்ளி தலையைத் தூக்கவில்லை. "இந்த ஜன்னலுக்கு வர்றவங்க யாருமே தொட்டதில்லைங்க. போன வாரம் ஒருத்தர் இருமல் மருந்துதான் குடிச்சேன்னாரு. மூணு பாட்டில்."

"நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன் சார். குடிச்சிட்டு ஓட்டாதீங்கன்னு முதல் நாள் பாடமே நான்தான் எடுக்கறேன்."

"அதுதான் சார் எனக்கும் தாங்கல" என்றாள் மனைவி. "இருபத்திரண்டு வருஷமா ஒரு வாசனைகூட வராம எப்படிச் சமாளிச்சாருன்னு யோசிச்சு யோசிச்சுத் தலை வலிக்குது."

புள்ளி அவர் நீட்டிய முடக்கக் கடிதத்தில் இருந்த வழக்கு எண்ணைப் பார்த்து, அலட்சியமாக அந்த வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்தார். தான் அனுப்பிய அறிக்கையின் நகலில் லைசென்ஸ் எண் ஏழில் முடிந்தது. போலீஸ் அறிக்கையைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு எழுந்து போய்த் தலைமை எழுத்தரின் மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். கடைசி எண் ஒன்று. கருவியின் சீட்டிலும் அச்சில் தெளிவாக ஒன்றுதான். போக்குவரத்து அலுவலகத்தில் பெயரை யார் பார்த்தார்கள்? எண்ணைத் தட்டினார்கள், ஏழுக்குச் சொந்தக்காரரான இந்த அப்பாவி மாட்டினார்.

தலைமை எழுத்தர் மெதுவாகக் காதோடு சொன்னார்: "போலீஸ்காரர் கையெழுத்து கோணல்னு எழுதிடுங்க. முடிஞ்சுபோச்சு."

எழுதியிருக்கலாம்தான். ஆனால் பத்தொன்பது வருஷமாக ஊரார் பிழையையெல்லாம் வட்டம் போட்ட சிவப்புப் பேனா கையில் இருந்தது. தான் எழுதிய ஏழு என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பதிவேட்டில் 'பிழை என்னுடையது' என்று எழுதினார்.

"என் தப்புதாங்க. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு குற்றமும் இல்ல" என்றார்.

அந்த அம்மாள் நம்பவில்லை. "தப்பை ஒத்துக்கிற ஆபீசை நான் பார்த்ததே இல்ல. இவர் முன்னாடியே வந்து உங்களைச் சரிக்கட்டிட்டாரா?"

புள்ளி வழக்குக் கட்டுக்குள் இருந்த லைசென்ஸ் நகலில் பெயரை உள்ளங்கையால் மறைத்து, படத்தை மட்டும் காட்டினார். புசுபுசுவென்ற கன்னமும் பெரிய மீசையுமாக ஒருவர். அவள் படத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரில்லதான்" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு ஜன்னலருகே குனிந்தாள். "திருத்தம் எப்போ போகும்?"

"இன்னைக்கே."

"பத்து நாள் தள்ளி அனுப்பலாமா? லெட்டர் வந்ததுலேர்ந்து சாயங்காலம் நேரா வீட்டுக்கு வர்றாரு. காய் நறுக்கித் தர்றாரு. நான் பேசினா காது கொடுத்துக் கேக்கறாரு."

கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்குச் சட்டத்துல இடமில்லைங்க" என்றார் புள்ளி, உண்மையான வருத்தத்தோடு.

சாப்பாட்டு வேளையில் திருத்தக் கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்கு நடந்தார். அங்கே கவுன்டரில் இருந்த பெண் கையெழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஓ, நீங்கதானா அது? எங்க கடிதத்துல கமா இல்லைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினவர்."

"ஆமாங்க."

அவள் கடிதத்தை மேலிருந்து கீழே மூன்று தரம் படித்தாள். ஆசைப்பட்டது கிடைக்கவில்லை போல. மனசில்லாமல் முத்திரை குத்தினாள்.

நாலாம் நாள் டிரைவிங் ஸ்கூல்காரர் தனியாக வந்து, லைசென்ஸ் உயிர்பெற்றுவிட்டது என்று சொன்னார். மீசைக்காரருடையது முடங்கிய தகவலும் அன்றே தபாலில் வந்திருந்தது. புள்ளி எழுந்து நின்று, "உங்களை வீட்டிலயும் வெளியிலயும் தலைகுனிய வெச்சுட்டேன். மன்னிச்சிருங்க" என்றார்.

"வெளியில பரவாயில்ல சார். வீட்டிலதான், காய் நறுக்கற வேலை நிரந்தரமாயிடுச்சு."

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அவர் போனதும் புள்ளி அடுத்த கட்டின் நூலை அவிழ்த்து, பக்கத்து மேஜைப் பெண்ணிடம் நீட்டினார். "நீ எண்ணைச் சத்தமா படிம்மா. நான் எழுதறேன்."