ரெபேக்காள் அம்மாவைத் தேடி ஒரகடத்துக்கு: 1991-இல் ஒரு புதன்கிழமை

ஒரகடம் போக வழி கேட்டு போன வாரம் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் நேர்காணல், இன்னொருவர் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறார். இன்றைய வழியைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம். எனக்கு அந்தச் சாலை என்றால் 1991 ஆகஸ்டில் தனியாகப் போய்வந்த ஒரு புதன்கிழமைதான் நினைவுக்கு வரும். நேரத்தையும் டிக்கெட் விலையையும் குறித்து வைத்த சின்ன டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏன் போனேன் என்று மட்டும் அதில் எழுதவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிராமத்தில் இலவசக் கண் முகாம் இருக்கும். அந்த மாதம் ஒரகடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூரில், சர்ச்சை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நடந்தது. புரை முற்றியவர்களுக்கு ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே, நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி டாக்டர் என்னிடம் அனுப்புவார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இல்லையென்றால் அன்று மாலையே வேனில் சென்னைக்கு அழைத்துப்போவோம். இருந்தால் அடுத்த முகாமுக்கு வரச் சொல்வோம். அந்த ஊருக்கு அடுத்த முகாம் ஆறு மாதம் கழித்து.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து அழைத்துவர, ஒரு வயதான அம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சீட்டில் ரெபேக்காள் என்று இருந்தது. முகத்தைப் பார்த்தேன். நான் நர்ஸிங் படித்தபோது எங்கள் விடுதி வார்டன். என்னைத் திருடி என்று சொன்னவர். இரண்டு கண்ணும் பால் படிந்ததுபோல வெளுத்திருந்தன. பெயரும் வயதும் கேட்டேன், சொன்னார். என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டெஸ்ட் ட்யூபில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு மூத்திரத்தை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டவேண்டும். சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வரும். அது நீலமாகவே நின்றது. நான் சீட்டில் சர்க்கரை இருக்கிறது என்று எழுதினேன். நெற்றியிலிருந்த பிளாஸ்திரியை என் கையாலேயே உரித்தேன். அடுத்த முகாமுக்கு வாங்க என்றேன். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் பாட்டும் பாடினேன். அதற்கடுத்த ஞாயிறுதான், பரமண்டல ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்ததும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றி எல்லோரும் சொல்லி முடித்து ஆமென் போட்டார்கள், நான் அங்கேயே நின்றிருந்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போய், முகாமில் ஒரு நோயாளியின் பரிசோதனையில் சந்தேகமாக இருக்கிறது, மறுபடி பார்த்து அழைத்துவரட்டுமா என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு வா, ஒரு கட்டில் இருக்கிறது என்றார். என் திட்டம் சுலபமானது. மறுபடி ஒருமுறை சோதிப்பதுபோல் சோதித்து, போனதடவை ஏதோ கோளாறு என்று சொல்லி, அழைத்துவந்துவிடுவது. யாரும் எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

புதன்கிழமை எனக்கு விடுப்பு. எழும்பூரில் காலை 6.20 வண்டி. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய். தாம்பரம் தாண்டியதும் பெட்டி காலியாகிவிடும். அதற்கப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது அந்த நாளில் ஒரு சுகம். வண்டலூரில் ஒருவர் கூடையோடு ஏறி கொய்யாப்பழம் விற்றார். மறைமலைநகரில் கொஞ்சம் தொழிற்சாலைக்காரர்கள் இறங்கினார்கள், அவ்வளவுதான் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைக் கூட்டம். 7.40-க்கு இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டு இட்லியும் டீயும் சாப்பிட்டேன். 8.10-க்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ். ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். ஒற்றைச் சாலை, எதிரே லாரி வந்தால் பஸ் மண்ணில் இறங்கி நிற்கும். இரண்டு பக்கமும் புளியமரங்கள், மேலே காய்த்துத் தொங்கும்.

அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்களை நிறுத்திச் சோதிப்பது வழக்கமாகியிருந்தது. ஒரகடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் எங்கள் பஸ்ஸையும் நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் என் பையைத் திறந்து டெஸ்ட் ட்யூப், ஸ்பிரிட் விளக்கு, மருந்து பாட்டில் மூன்றையும் எடுத்து ஸீட்டில் வைத்தார்.

"இன்னாம்மா இது, நீலமா கீது?"

"சர்க்கரை பாக்கற மருந்துங்க. நான் நர்ஸ்."

கீழே இறங்கச் சொன்னார். அவருக்கு மேலதிகாரி ஒருவர் வந்து பாட்டிலை முகர்ந்து பார்த்தார், ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பார்த்தார், பஸ்ஸிலிருந்து எல்லாத் தலையும் எட்டிப் பார்த்தது. பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் என் சாமான்கள் பலர் பார்க்கப் பரப்பி வைக்கப்படுவது அது இரண்டாவது முறை.

முதல் முறை 1982. நான் இரண்டாம் வருஷம். வார்டில் ஒரு நோயாளியின் சங்கிலி காணாமல்போனது. விடுதியில் உபகாரச் சம்பளத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். ரெபேக்காள் அம்மா என் டிரங்குப் பெட்டியை மட்டும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு துணியாக எடுத்து உதறினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் அரக்கோணம் பக்கத்திலிருந்து என் அம்மாவை வரவழைத்தார். அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். முதியோர் வகுப்பில் பெயர் எழுதக் கற்றுக்கொண்டு அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாசலில் நிற்கவைத்தே ஒரு காகிதத்தை நீட்டினார்கள். என் மகள் இனி இப்படிச் செய்யமாட்டாள் என்று அதில் இருந்தது. அம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். நான் எடுக்கலம்மா என்றேன். தெரியும், படிப்பு நிக்கக்கூடாதில்ல என்றாள். ஒன்பது நாள் கழித்து, சலவைக்குப் போன போர்வை மூட்டையில் சங்கிலி கிடைத்தது. ரெபேக்காள் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. காகிதம் கோப்பிலேயே கிடந்தது. 1987-இல் அம்மா இறந்தாள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கியபோது மணி ஒன்பது. நாலைந்து கடை, ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை, ஒரு டீக்கடை. அங்கிருந்து நடை. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை, அதுதான் வார்டன் அம்மா வூடு என்று காட்டினார்கள். ஓய்வு பெற்றபின் சொந்த ஊர் என்று இங்கே வந்தவர். உடனிருந்த தம்பியும் இறந்துவிட, சர்ச்சின் போதகர் ஐயர் இந்த அறையைக் கொடுத்திருந்தார். முகாமுக்கு அழைத்துவந்த பெண் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் தனம்.

என்னை அடையாளம் கண்டதும், "அம்மா உள்ள தான் கீது. எப்படியாச்சும் இட்டுனு போம்மா. கண்ணு தெரியாம கஷ்டப்படுது" என்றாள். பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். நாலு வருஷம் முன்னால் அவளுக்குக் குழந்தை குறுக்கே நின்றுவிட்டதாம். வண்டி கிடையாது. ரெபேக்காள் அம்மா நடுரோட்டில் நின்று ஒரு மணல் லாரியை மறித்து, டிரைவரோடு சண்டை போட்டு, அவளை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். மூன்று நாள் வராந்தாவிலேயே படுத்திருந்தாராம். தனம் சர்ச்சுக்குப் போகிறவள் அல்ல. ஆனாலும் தினமும் இரண்டு வேளை சாப்பாடு அவள் வீட்டிலிருந்துதான் அந்த அம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் கேட்டு மனம் இளகியது என்று எழுதத்தான் ஆசை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்கு இத்தனை அன்பான மனிதர்கள் எதற்கு? என் அம்மாவை வாசலில் நிற்கவைத்தவருக்குக் கடவுள் ஏன் கூரையும், சோறும், பிடித்து நடக்க ஒரு கையும் கொடுத்து வைத்திருக்கிறார்? அம்மாவுக்குக் கடைசி நாட்களில் என் கை மட்டும்தான் இருந்தது, அதுவும் மாதத்துக்கு இரண்டு நாள்.

உள்ளே போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறேன், சர்க்கரையை மறுபடி பார்க்கவேண்டும் என்றேன். மறுபேச்சில்லாமல் தனத்தின் கையைப் பிடித்துப் பின்பக்கம் போய், கிண்ணத்தோடு வந்தார். விளக்கைக் கொளுத்தினேன். அம்மாவின் துவைத்த துணிகளை எடுத்துவரத் தனம் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நீலமாத்தாம்மா இருக்கு. சர்க்கரை இல்ல. அன்னைக்கு ஏதோ தப்பாயிருக்கு" என்றேன்.

"அன்னைக்கும் நீலமாத்தான் இருந்திருக்கும், ஸ்டெல்லா" என்றார்.

விளக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"பேரு கேட்டியே, அப்பவே. குரல் மாறல. எனக்கு சர்க்கரை இல்லன்னு எனக்குத் தெரியாதா? நானும் நர்ஸுதானே."

"அப்ப ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அவரு திரும்பப் பாத்திருப்பாரு. உன் வேலை போயிருக்கும். ஒரு தடவை நான் உனக்குப் பண்ணது போதும்னு எழுந்து வந்துட்டேன்."

"கண்ணு போனாலும் பரவால்லன்னா?"

"பரவால்லன்னு யாரு சொன்னா? பயமாத்தான் இருந்துது. வூட்டுக்கு வந்து அழுதேன்."

பிறகு என் அம்மாவைப் பற்றிக் கேட்டார். இறந்து நாலு வருஷம் ஆகிறது என்றேன்.

"சங்கிலி கெடச்ச அன்னைக்கே உங்க அம்மாவ வரச்சொல்லி, அவங்க முன்னாடி அந்தப் பேப்பர கிழிச்சிருக்கணும். வெக்கமா இருந்துது. நாளைக்குன்னு தள்ளினேன். அப்படியே தள்ளிக்கினே போயிட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா என்றேன்.

திரும்பும்போது வேறு வழி. கூட்டுரோடு வரை தனத்தின் வீட்டுக்காரர் சைக்கிளில் அம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நடந்தேன். மதியம் 1.20-க்குத் தாம்பரம் பஸ். படப்பை, மண்ணிவாக்கம் வழி, இருபத்துநாலு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டே கால் ரூபாய். பஸ் குலுங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியை விடுவிக்கவேண்டும் என்று முதலில் இருந்தது. படப்பை வந்தபோது மறந்துபோயிருந்தேன். ஏரியில தண்ணி இருக்கா என்று கேட்டார். அடியில் கொஞ்சம் இருக்கிறது, மாடுகள் இறங்கியிருக்கின்றன என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. அவரைக் கட்டிலில் சேர்த்துவிட்டு டாக்டரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. எழுதிக் கொடு என்றார், எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷம் என்னை முகாம் பக்கம் அனுப்பவில்லை; சம்பள உயர்வும் ஒன்று நின்றது. அந்தத் தண்டனை எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை அப்போது யாரிடமும் சொல்ல முடியாது. ரெபேக்காள் அம்மாவுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அந்தக் காலத்துத் தடிமனான கண்ணாடி போட்டார்கள். கட்டு அவிழ்த்த அன்று என்னை உற்றுப் பார்த்துவிட்டு, என் அம்மாவின் கல்லறைக்குக் கூட்டிப்போவாயா என்று கேட்டார்.

ஆறு மாதம் நான் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் அரக்கோணத்துக்கு அழைத்துப்போனேன். கல்லறைக்குப் பக்கத்தில் அவர் வெகுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் வேலிக்கு வெளியே நின்றுகொண்டேன்.

அந்த அம்மாவுக்கு இரக்கம் காட்டத்தான் ஒரகடத்துக்குப் போகிறேன் என்று அன்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பதினோரு நாள் முன்பே, முகாமில், எல்லோர் முன்னிலும், அவர் வாயைத் திறக்காமல் எனக்கு இரங்கியிருந்தார். நான் ஒருவரை வெறுப்பதால் கடவுளும் அவரிடம் வேலையை நிறுத்திவிடுவார் என்று எப்படியோ நம்பியிருந்திருக்கிறேன். கடவுள் நிறுத்தவில்லை. அந்தச் சிற்றூரில் அத்தனை வருஷமும் அந்த மனுஷியை மெள்ள மெள்ள வேறொருத்தியாக்கிக்கொண்டிருந்தார். அதன் பலனில் ஒரு பங்கு எனக்கும் வந்து சேர்ந்தது. ரெபேக்காள் அம்மா இன்னும் ஏழு வருஷம் இருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் வருஷம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். போகாவிட்டால் என்னவோ போல இருக்கும்.

இனி வழி. சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால் வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும். கடைசியாக நான் போனபோது நாற்பது ரூபாய் வாங்கினார்கள், அரை மணி நேரம். தாம்பரத்திலிருந்து காரில் போவதானால் படப்பை வழியே ஒரு மணி நேரம் வையுங்கள். காலையிலும் மதியத்திலும் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். சாலை அகலமாகிவிட்டது, நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப்போங்கள். அந்த சர்ச்சு இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே இன்னும் இருக்கிறது. வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகள் நிறையப் பேர் கம்பெனி யூனிஃபார்மோடு ஆராதனைக்கு வருகிறார்கள்.

மனஸ்தாபம் உள்ள ஒருவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. காலை வண்டியிலேயே போங்கள், பேசுவதற்கு நேரம் கிடைக்கும். வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே போகாதீர்கள். நான் எழும்பூரிலிருந்து தயார் செய்துகொண்டு போனதில் ஒரு வாக்கியம்கூட அங்கே தேவைப்படவில்லை.