பொட்டலத்தில் இருந்தது திருநீறு அல்ல

வாழைக்காய் பழுக்க வைக்கும் அறைக்கு முன்னால் நின்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக வருகிறது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டி, என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து கட்டிய அறை அது. அவருக்கு வாழைக்காய் வியாபாரம் அப்பா காலத்துத் தொழில். எனக்கு இருந்தது கோவையில் படித்து வாங்கிய வேதியியல் பட்டம். கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியில் தூங்கிய பட்டத்துக்கு ஒரு வழியாக வேலை வந்தது என்று பூரித்துப்போனேன். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

அதற்கு முன்பு அவரும் எல்லோரையும் போலக் கல்தான் வைத்துக்கொண்டிருந்தார். கார்பைடு கல்லை உடைத்துச் செய்தித்தாளில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக் காய்களுக்கு நடுவே செருகிவிட்டால் போதும், சீக்கிரமே தோல் மஞ்சளாகிவிடும். உள்ளே பாதி காயாகவே இருக்கும். வயிற்றுக்கும் ஆகாது, சட்டமும் தடுத்திருக்கிறது. எத்திலீன் அப்படியல்ல. பழுக்கும் காய் தானாகவே விடுகிற வாயு அது. காயைக் குளிர்ந்த அறையில் அடுக்கி, எத்திலீனைக் கொஞ்சமாக உள்ளே விட்டு, ஒரு நாள் கதவைச் சாத்தி வைப்போம். பந்தியில் முதல் ஆள் உட்கார்ந்தால் மற்றவர்களும் உட்கார்ந்துவிடுவது போல, அதன் பிறகு காய்கள் தாமாகப் பழுக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் காற்றை மாற்றிவிட்டு நாலைந்து நாள் பொறுமையாக இருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது என்று நானே பெருமையாகச் சொல்வேன்.

கதவில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தோம். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை அவர் நேராக என்னிடம்தான் அனுப்புவார். பள்ளிக்கூடத்துக்காரர்கள், மண்டபத்துக்காரர்கள், கோயில்காரர்கள் என்று யார் வந்தாலும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே காட்டி விளக்குவேன். அப்படித்தான் வெள்ளகோவில் பக்கமிருந்து அந்தக் காவடிக் கூட்டத்தார் வந்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள், பஞ்சாமிர்தத்தை அவர்களே கையால் பிசைந்து எடுத்துப்போவார்கள். பெண்களுக்குத் தலைமையாக ஒரு அக்கா வந்திருந்தார். வெள்ளை மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏங்கண்ணு, இந்தக் கேஸுல வேற என்னென்ன செய்வாங்க?"

"பாலிதீன் பை, தண்ணிக் கொடம், உங்க தோட்டத்துல கெடக்கற சொட்டுநீர்க் குழாய், எல்லாத்துக்கும் மூலம் இதுதானுங்க்கா."

"அப்பப் பழத்தைத் தின்னா வயித்துக்குள்ள பை மொளைக்குமாட்ட இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, தொழிற்சாலையில் அந்த வாயுவைச் சங்கிலியாகக் கோத்தால்தான் பிளாஸ்டிக், இங்கே அது காயிடம் சும்மா 'பழு' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது என்று விளக்கினேன். அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"சாமிக்குப் போற பழம் கண்ணு. நாங்கெல்லாம் வெரதம். கல்லு வெச்சதுன்னா அந்தப் பாவம் எங்களைத்தான் புடிக்கும்."

"என் புள்ளைங்க மேல சத்தியமுங்க்கா. எங்க பழத்துல கல்லே இருக்காது."

யாரும் கேட்காமல் நானாகச் செய்த சத்தியம். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

பூசத்துக்கு முந்தின வாரம், பழம் உரிக்க நானும் வர வேண்டும் என்று அக்கா கூப்பிட்டிருந்தார். விரதம் இருந்து, தலைக்குக் குளித்து, வெள்ளகோவிலில் அவர்கள் பிடித்திருந்த மண்டபத்துக்குப் போனேன். எங்கள் லாரி காலையிலேயே பூவன் பழத்தை இறக்கிவிட்டுப் போயிருந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் அண்டாக்கள், ஒரு பக்கம் நாட்டுச்சர்க்கரை மூட்டை. அக்கா தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார். இந்தப் பழமெல்லாம் நம்ம பழம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

கொஞ்ச நேரத்தில் லேசாகப் பூண்டு வாடை அடித்தது. விரதச் சமையலில் யார் பூண்டைச் சேர்த்தது என்று அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அக்கா ஒரு கிரேட்டின் அடியிலிருந்து செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்தார். பிரித்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் தூள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாருங்கடி, கண்ணு பழத்தோட துன்னூறும் வெச்சு அனுப்பியிருக்கறா! எந்தக் கோயில்து கண்ணு?"

கோயிலில் திருநீறு வாங்கினால் இப்படித்தான் காகிதத்தில் மடித்து வருவோம். அக்காவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒரு விரலால் நெற்றியில் கீற்று போட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடப் போனார்.

அந்தப் பூண்டு வாடை கார்பைடு கல்லின் வாடை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். தூள் தரையில் சிதறியது. திருநீற்றைத் தட்டிவிட்டவளை அந்தப் பெண்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் எதையும் பொருட்படுத்தாமல் முந்தானையால் அக்காவின் நெற்றியை அழுத்தித் துடைத்தேன். பிறகு குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரை விட்டுக் கழுவினேன். கீற்று போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது.

"எரியுது கண்ணு. என்ன துன்னூறு இது?"

மண்டபத்தின் பின்பக்கம் போய் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எங்கேயோ தப்பு நடந்திருக்கும், வேறு யாருடைய கிரேட்டோ கலந்திருக்கும் என்று அவர் சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது.

"ஏனுங்க, நம்ம பழத்துல கல்லுப் பொட்டலம் இருக்குதுங்க."

"எடுக்காம உட்டுப்போட்டானுகளா?" என்றார். கோபம் பொட்டலத்தை எடுக்க மறந்த ஆட்கள் மேல்தான். "சீசன்ல ரூம்ல எடம் எங்கிருக்குது அம்மணி? பாதிச் சரக்கு பழைய குடோன்லதான் போகுது. நாலஞ்சு நாள் யாரு காத்துட்டிருப்பா? மூணு வருசமா இப்படித்தான் ஓடுது. நீ பேசாம பொட்டலத்தையெல்லாம் பொறுக்கிப்போட்டு வா."

மூன்று வருஷம். அந்தக் கண்ணாடி ஜன்னலைப் போலத்தான் நானும். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். அதைக்கூட ஒருவேளை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெற்ற பிள்ளைகள் மேல் நான் சத்தியம் செய்தபோது, அது பொய் என்று தெரிந்தே பக்கத்தில் நின்று தலையாட்டினாரே, அதை எப்படிப் பொறுப்பது? போனை வைத்துவிட்டேன்.

உள்ளே போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது கார்பைடு, பழம் சாமிக்கு ஆகாது, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒருத்தி உரித்த பழத்தை அண்டாவில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் திட்டவில்லை. அக்கா ஈர முகத்தோடு நின்று கேட்டுவிட்டு, தன் போனை எடுத்து என் வீட்டுக்காரர் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏனுங்க தம்பி, இதென்னங்க இது? பழத்துல கல்லு இருக்குதுங்க. உங்க ஊட்டுல அம்மணி தனக்குத் தெரியாதுங்குது."

அக்கா பக்கத்தில் நான் நிற்பேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"ஐயோ, எனக்கெப்படிங்க்கா தெரியும்? காய் வாங்கறது மட்டுந்தானுங்க நானு. பழுக்க வெக்கறதெல்லாம் அவ பொறுப்புங்க. படிச்ச புள்ளைன்னு நம்பி உட்டுட்டனுங்க. இப்படிப் பண்ணிப்போட்டாளேங்க்கா!"

அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. அத்தனை பேர் நடுவில், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை ஒரே மூச்சில் கைகழுவிவிட்டார்.

அக்கா போனை அணைத்தார். என்னிடம் சத்தம் போட்டிருந்தால் தேவலாம். மெதுவாகத்தான் பேசினார்.

"உங்களுக்கு வண்டி சொல்லட்டுங்களா? வெய்யலாவுதுங்க."

காலையிலிருந்து கண்ணு கண்ணு என்று கூப்பிட்ட வாய் அது. இல்லைங்க்கா, அவர் சொல்வது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னைக் கட்டினவரே என்னை நம்பி ஏமாந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அங்கே யார் என்னை நம்புவார்கள்?