அழிந்துபோன அம்புக்குறிகள்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்த்த பட்டறையில் தகட்டை இழுத்துப் பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. கொஞ்சம் இழுத்தால் தகடு பழையபடி திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் நீண்டது நீண்டதுதான். அந்த எல்லை, ஆலையில் தகட்டை உருளையில் உருட்டித் தட்டையாக்கிய திசையில் ஒரு மாதிரி, குறுக்கே ஒரு மாதிரி, சாய்வில் வேறு மாதிரி. அதை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்குப் போட, இன்ஜினியர் அம்மா ஒரே ஷீட்டில் மூன்று விதமாகவும் துண்டு வெட்டி, எது எந்தத் திசை என்று மார்க்கரால் அம்புக்குறி போட்டுவைப்பார். துடைத்துக் கொடுப்பது நான். படிப்பு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் என் கைச் சுத்தத்துக்கு அங்கே பெயர் இருந்தது.

ஒரு நாள் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையென்று தின்னர் போட்டுத் துடைத்தேன். அம்புக்குறிகளும் போய்விட்டன.

துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உருட்டிய கோடு மயிரிழையாகத் தெரிந்தது. பார்த்துப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தேன்.

“இழுத்துப் பாருங்க மேடம். ஒண்ணு தப்பா இருந்தாலும் நாளைக்கு நான் வரல.”

“கண்ணால பாத்தேன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமாம்மா? புதுசா வெட்டி ஒத்துப் பாக்க அந்த ஷீட்டும் தீந்துபோச்சு.”

“குவியலுக்கு ஒண்ணு இழுங்க, போதும்.”

“பேடம்மா, வேண்டாம், விடுங்க” என்றார் கன்னடம் கலந்து.

எல்லாவற்றையும் ஸ்கிராப்பில் கொட்டினார். மறுநாள் என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். நான் கெஞ்சவில்லை. அங்கே இருந்த வரைக்கும் பெருக்கத்தான் செய்தேன்.

நான் பிரித்தது சரிதான். அதைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை.