வட்டம் போடாத மிஷின்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் கட்டிங் மிஷினில் வருஷக்கணக்காக நிற்கிறவன் பாண்டிமுருகன். எதைக் கண்டாலும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. கல்யாணப் பரிசாக வந்த சுவர்க்கடிகாரம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்படிப்பட்டவன் வீட்டு முன்னறையில் சொந்தமாக, கம்ப்யூட்டர் சொல்கிறபடி அறுக்கும் சி.என்.சி. மிஷின் கட்டத் தொடங்கியதில் தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பட்டாசுப் பெட்டி அட்டையை வெட்டுவது டை என்கிற, பிளேடு பதித்த பலகை; பிளேடு உட்காரும் கோடுகளை அந்தப் பலகையில் அறுத்துத் தரும் மிஷின் அது. அது ஓடினால் அவன் மனைவி முத்துச்செல்வி, பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலையை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம். பக்கத்து யூனிட்டில் வெடித்த நாளிலிருந்து, அவள் வேலைக்குப் போனால் அவனுக்கு மதியச் சோறு இறங்குவதில்லை.

மோட்டார் சுற்றுகிற சுற்றை முன்னும் பின்னும் நகர்கிற ஓட்டமாக மாற்றுவது லீட் ஸ்க்ரூ என்கிற, மரை போட்ட நீளத் தண்டு. எதைப் போடுவது என்று வீடியோ பார்த்துப் பார்த்துக் குழம்பினான். கடைசியில் காயலான் கடையில் ஒரு பழைய கட்டிங் மிஷினின் தண்டும் நட்டும் கிடைத்தன. அச்சகத்தில் அவன் கைச்சக்கரத்தால் சுற்றி, தாளை அளவுக்குத் தள்ளி நிறுத்துகிற அதே வகைத் தண்டு. அது அவனிடம் ஒரு நூலளவுகூடப் பிசகியதில்லை. இதைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்குமா என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

நேர்கோடெல்லாம் சுத்தமாக வந்தது. வட்டம் போடச் சொன்னால் மட்டும் கோணிக்கொண்டது. பூச்சட்டிப் பெட்டிக்கு வட்ட ஜன்னல் இல்லாமல் ஆர்டர் ஏது? புரோகிராமைத் திட்டினான், மோட்டாரைத் திட்டினான், கரண்ட்டையும் திட்டினான். தண்டை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இது எப்படித்தான் நகருகிறது என்று முத்துச்செல்வி கேட்டாள். மோட்டாரைக் கழற்றிவிட்டு, தண்டின் நுனியில் கைச்சக்கரத்தை மாட்டிச் சுற்றிக் காட்டினான். ஒரு கோடுவரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். இன்னொரு கோட்டுக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினான். மறுபடியும் காட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தாள்.

"பின்னுக்கு இழுக்கயில மட்டும் கோட்டத் தாண்டிப் போயிட்டு, திரும்ப முன்னுக்கு வர்றீகளே, எதுக்கு?"

அவன் கை சக்கரத்திலேயே நின்றுவிட்டது. தாண்டியது அவனுக்கே தெரியாது. கட்டிங் வேலைக்கு வந்த புதிதில் ஏறிய பழக்கம். பின்னால் இழுத்தால் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, மறுபடி முன்னால் தள்ளித்தான் அளவு பிடிப்பார்கள். தேய்ந்த நட்டுக்குள் தண்டு ஆடுகிற ஆட்டம் அதில் அடங்கிப்போகும். இத்தனை வருஷமும் பிசகாமல் இருந்தது தண்டல்ல, அவன் கைதான். மோட்டாருக்கு அந்தக் கை ஏது? வட்டமென்றால் திசை திரும்பாமலும் முடியாது.

அவனுக்குச் சிரிப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கிற ஜோடி நட்டோடு புதுத் தண்டை மதுரையிலிருந்து வரவழைத்தான். மாட்டி ஓட்டியதும் வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. முத்துச்செல்வி விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அவள் தூக்குவாளி இல்லாமல் வெறுங்கையோடு வெளியே போனாள்.

"இனிமே இங்கன நிறுத்த வேணாம்ண்ணே" என்று டிரைவரிடம் சொன்னாள். "நான் வரல."

உள்ளே பாண்டிமுருகன் மிஷினைப் பிடித்துக்கொண்டு அழுதான்.