பதில் சொல்லாதவளின் கதை

விழுப்புரத்தில் நான் எம்.ஏ. படித்தபோது, பழைய நாடகம் ஒன்றை இந்தக் காலத்து நாவலோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாடகத்தை வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டார்கள். போரில் மாண்ட கணவன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். மனைவியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போவான். நாவலை நாங்களே தேட வேண்டும்.

நான் நூலகத்தில் எடுத்த நாவலில், செத்துப்போன மனைவி மதியத்தில் வந்து துணி மடித்து வைக்கிறாள். கணவன் எவ்வளவு பேசினாலும் வாய் திறப்பதில்லை.

திண்டிவனத்து வீட்டில் என் கணவர், மாமனார், நான். மாமியார் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாவலை அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த மாமனாரின் கை நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன்.

"படிம்மா. கேட்டுக்கினுதான் இருக்கேன்."

அதன்பிறகு நான் கல்லூரியிலிருந்து வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் மதியமே கல்லூரி விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் தெருக்கதவு அகலத் திறந்திருந்தது. மாமியாரின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மாமியாரின் கட்டிலில் குவிந்து கிடந்தது. மாமனார், அந்த அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா துணிய இங்க போட்டிருக்கீங்க? மடிச்சி வெக்கட்டுமா?"

"வேணாம்மா. அப்படியே கெடக்கட்டும்." உள்ளே யாரோ தூங்குவதுபோல மெதுவாகச் சொன்னார்.

கணவர் வரும்வரை நான் தெருவாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "ஊர்ல வேற புக்கே இல்லியா? அப்பாவ ஏன் பேஜாரு பண்ற? நாளைக்கே குடுத்துடு" என்றார். நானும் அதைத்தான் விரும்பினேன். மறுநாள் அதைக் கொடுத்துவிட்டு, ஒரு மில் தொழிலாளியைப் பற்றிய நாவலை எடுத்துவந்தேன். மாமனார் அதைக் கேட்க வந்து உட்காரவில்லை. நாற்காலி அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது கேட்டார்: "அந்தம்மா கடைசீல பேசுச்சா? அத மட்டும் சொல்லும்மா."

நான் கடைசிவரை படித்திருக்கவில்லை. அடுத்த நாள் அதே நாவலை மறுபடி எடுத்து, திரும்பும் பஸ்ஸிலேயே புரட்டினேன். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் வண்டி நின்றபோது கடைசிப் பக்கம் வந்தது. வீட்டை விற்றுவிட்டுக் கணவன் போகிறான். அவள் மடித்துக்கொண்டே இருக்கிறாள்.

மாமனாரிடம் பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. "பேசல மாமா."

அவர் மாமியாரின் அறைப் பக்கம் திரும்பினார். "பேசாது. இவளும் கோவம்னா பேசவே மாட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட எங்கிட்ட பேசல. எதுக்குக் கோவம்னு சொல்லாமயே பூட்டா."

எழுந்து போய், இன்னும் கட்டிலிலேயே கிடந்த அந்தத் துணிகளை அவரே ஒவ்வொன்றாக மடித்தார். சரியாக மடிக்க வரவில்லை.

கட்டுரையை அந்த நாவலை வைத்தே எழுதினேன். நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்த வருஷம் முழுக்க, மதிய வகுப்பு இல்லாத நாள்களிலும் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டும் நேரத்துப் பஸ்ஸில்தான் வீடு திரும்பினேன்.